மண்ணைத் தொட்டால் போதுமா?

சென்ற கோடை விடுமுறையில் நகரத்துப் பள்ளி ஒன்றில் நடந்த மண்பாண்டப் பயிலரங்கைத் தொடங்கி வைக்க என்னை அழைத்திருந்தார்கள். இயற்கையோடு இணைவோம், களிமண்ணோடு கைகோப்போம் என்று வாயிலில் ஃபிளக்ஸ் பதாகை கட்டியிருந்தது. உள்ளே நாற்பது சிறுவர் சிறுமியர். அவர்களுக்குப் பின்னே பெருமிதத்தோடு பெற்றோர். களிமண் வெளிமாநிலம் ஒன்றிலிருந்து பிளாஸ்டிக் உறைகளில் லாரியேறி வந்திருந்தது. அரங்கின் ஓரத்தில் அறுபது வயதைக் கடந்த குயவர் ஒருவரைச் சக்கரத்தின் முன் அமர்த்தியிருந்தார்கள். அவர் கற்பிக்க வரவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக வரவழைக்கப்பட்டிருந்தார். இடைவேளையில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையில் தேநீர் வந்தது.

விடைபெறும் வேளையில் அப்பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "மண்ணுக்கு மரியாதை வந்திருச்சு சாமி. எங்களுக்குத்தான் இன்னும் வரலை" என்றார். குறையாகக்கூட அவர் அதைச் சொல்லவில்லை; நாளைக்கு மழை வரும் என்பதுபோல் இயல்பாகச் சொன்னார். அச்சொல் இன்றுவரை என்னை உறங்கவிடவில்லை.

நகரங்களில் பெருகிவரும் இத்தகைய பயிலரங்குகளை நான் பழிக்க வரவில்லை. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கண்ணைக் கொடுத்துவிட்ட நம் பிள்ளைகள், இரண்டு மணி நேரமாவது மண்ணில் கை வைப்பது நல்லதே. ஆனால் மண்ணைத் தொட்டுவிட்டதாலேயே நாம் இயற்கையின் தோழர்களாகிவிட்டோம் என்று எண்ணுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும். இந்த ஏமாற்று நகரத்துப் பள்ளிகளில் மட்டுமா இருக்கிறது? நம் பங்குகளிலும் இருக்கிறது. எனவே, இதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும் என்று துணிந்தேன்.

முதலில், மண்ணால் செய்தது மண்ணோடு போய்விடும் என்னும் பேச்சை எடுத்துக்கொள்வோம். மேடைதோறும் இதைக் கேட்கிறோம். இது பாதி உண்மை. காய்ந்த களிமண் பொம்மையைத் தண்ணீரில் இட்டால் கரைந்து மீண்டும் சேறாகும். அதை எடுத்து மறுபடியும் பிசையலாம். ஆனால் சூளையில் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டிவிட்ட மண் பிறகு மண்ணாவதில்லை. களிமண்ணின் உட்கூறோடு பிணைந்திருந்த நீர் அந்த வெப்பத்தில் வெளியேறிவிடுகிறது. அப்பொருளை ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் ஊற வைத்தாலும் அது குழையாது. இதற்குச் சான்று தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளையும் ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளையும் எண்ணிப் பாருங்கள். சுட்ட மண் மண்ணோடு மண்ணாகிப் போயிருந்தால், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளை நாம் இன்று கையில் எடுத்துப் படித்திருக்க முடியுமா?

2004-ஆம் ஆண்டில் லாலு பிரசாத் இரயில்வே அமைச்சராக இருந்தபோது இரயில்களில் மண்குவளையில் தேநீர் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார். சிலகாலத்தில் அது தளர்ந்தது. 2020-இல் மீண்டும் பேசப்பட்டது. குயவருக்கு வேலை கிடைக்கும் என்ற நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. ஒருமுறை வாய் வைத்துத் தண்டவாளத்தில் எறிவதற்காக ஒரு குவளையைச் சுட வேண்டுமா? அக்குவளைக்காக வெட்டிய மண்ணும் எரித்த விறகும் திரும்பி வருமா? பிளாஸ்டிக்கைப் போல அது நஞ்சாவதில்லை என்பது உண்மை. ஆனால் எடுத்து எறியும் பழக்கத்தை மாற்றாமல், எறியும் பொருளை மட்டும் மாற்றுவதைச் சூழல் பாதுகாப்பு என்று என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.

அப்படியானால் மண்பாண்டத்தின் உண்மையான சிறப்பு எங்கே இருக்கிறது? அது அழிவதில் இல்லை. நெடுநாள் உழைப்பதில் இருக்கிறது. நம் பாட்டி வீட்டு மூலையில் மணல் பரப்பி வைத்திருந்த தண்ணீர்ப் பானை, தன் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாவதாலேயே உள்ளிருக்கும் நீரைக் குளிர்வித்தது. அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. குழம்புச் சட்டி பழகப் பழகச் சுவை கூட்டியது. உடைந்த பானையின் ஓடும் வீணாகவில்லை. சூளையை மூடுவதற்கு அது பயன்பட்டது. அதையே இடித்துப் பொடியாக்கிப் புது மண்ணில் கலந்தால், கையால் செய்யும் பெரிய கலங்கள் காயும்போது வெடிக்காமல் தாங்கும். சுடத் தகுதியுள்ளதை மட்டும் சுட்டு, சுட்டதைப் பல்லாண்டு பயன்படுத்தி, உடைந்ததையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் இந்த ஒழுங்கே நம் குயவர் காத்த சூழல் அறம்.

நான் பார்த்த பயிலரங்கில் நடந்தது என்ன? நாற்பது பிள்ளைகள் செய்த நாற்பது கோணல் கிண்ணங்களையும் மின்சூளையில் ஏற்றினார்கள். ஒரு பிள்ளையும் ஏமாற்றம் அடையக் கூடாது என்பது காரணம். அவற்றுள் எத்தனை இன்று பயன்பாட்டில் இருக்கும்? பிடிக்காததைக் கலைத்து, நீரூற்றிப் பிசைந்து, மறுபடி முயல்வதற்கு மண்ணைப்போல் இடம் தரும் பொருள் உலகில் வேறில்லை. குயவன் தன் கையில் கெட்டுப்போன கலத்தை மறுபடியும் வனைவதைத்தானே எரேமியா இறைவாக்கினர் குயவன் வீட்டில் கண்டார்? தவறினால் திருத்திக்கொள்ளலாம் என்னும் அப்பாடத்தைப் பிள்ளைக்குச் சொல்லித்தராமல், தவறையும் சுட்டு நிலைப்படுத்திக் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

இரண்டாவது, மண்ணால் ஆனவை எல்லாம் ஒன்றே என்னும் எண்ணம். நாட்டுச் சூளையில் வைக்கோல், தென்னை மட்டை, சுள்ளி கொண்டு சுடும் மண்பாண்டத்துக்குப் பொதுவாக 700 முதல் 900 டிகிரி வெப்பம் போதும். மெருகு பூசிய கற்பாண்டங்களுக்கு 1,200 டிகிரிக்கும் மேல் வேண்டும். இரண்டுக்கும் செலவாகும் எரிபொருள் ஒன்றல்ல. கற்பாண்டக் கலையை நான் குறை கூறவில்லை. 1971-இல் புதுச்சேரியில் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் ஆகிய இருவர் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, அக்கலையைப் பல்லாண்டு உழைப்பால் இம்மண்ணில் வேரூன்றச் செய்தது. நன்கு சுட்ட கற்பாண்டம் நீரை உறிஞ்சாது. தலைமுறை கடந்தும் நிற்கும். ஆனால் கற்பதற்கு ஆண்டுகள் வேண்டிய அக்கலையை வாரக்கடைசி விளையாட்டாக்கி, அதன்மேல் சுற்றுச்சூழல் என்ற முத்திரையையும் குத்துவதைத்தான் மறுக்கிறேன்.

எதிர்ப்புறத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டுச் சூளையும் புகைவிடுகிறது, விறகைத் தின்கிறது. சாயத்தையும் மெருகையும் விவரமறியாமல் வாங்கினால் ஈயம் கலந்தவை வந்து சேரும். ஈயம் உடலில் சேர்வதற்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் நிலைப்பாடு. காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா உண்டு. அதை நாள்தோறும் சுவாசிப்பவரின் நுரையீரல் கெடும். ஆகவே பயிலரங்கின் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கை கழுவிய நீரைச் சாக்கடையில் கொட்டாமல் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மண்ணைத் திரும்ப எடுக்க வேண்டும். பதாகை எழுதுவோர் இந்தச் சிறு காரியங்களை எழுதுவதில்லை. சூழலை நேசிப்பது பெரும்பாலும் இத்தகைய சிறு காரியங்களில்தான் அடங்கியிருக்கிறது.

மூன்றாவதாக நான் சொல்ல விரும்புவதே எல்லாவற்றிலும் வலியது. மண்ணைப் புகழ்கிறோம், மண்ணை அறிந்தவரை மறக்கிறோம். புறநானூற்றின் 256-ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவரை விளித்து, அவனுக்காகச் செய்யும் தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாகச் செய்யும்படி வேண்டுகிறாள். பிறப்பின் அடுப்புப் பானையிலிருந்து இறப்பின் கொள்ளிக்குடம் வரைக்கும் நம் வாழ்வைத் தாங்கியவர்கள் அவர்கள். மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூரின் கடம் கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது. கடத்தைச் செய்தவரின் பிள்ளை தந்தையின் தொழிலுக்கு வர விரும்புகிறானா என்று எத்தனை பேர் விசாரித்தோம்?

குயவரைக் கேட்டால் அவர் முதலில் சொல்வது மண்ணைப் பற்றித்தான். கண்மாயில் மண் எடுப்பது அவர்களுக்குப் பல காலம் அலைச்சலாகவே இருந்தது. மனு, அனுமதி, அலுவலகம் என்று நடந்து நடந்தே பருவம் போய்விடும். வண்டலையும் களிமண்ணையும் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் கட்டணமின்றி எடுக்க, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று தமிழக அரசு 2024-இல் நடைமுறையை எளிதாக்கியது. நல்ல செய்தி. ஆனால் அந்த மனுவை எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க நம் பங்கில் படித்தவர்கள் இல்லையா? பயிலரங்குக்கு வெளிமாநில மண்ணை விலைக்கு வாங்கும் பணத்தில் ஒரு பங்கை, உள்ளூர்க் கண்மாய் மண்ணைப் பக்குவம் செய்து தருபவருக்குக் கூலியாகத் தந்தால் என்ன?

சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் குயவரின் உழைப்பை விரிவாகப் பேசுகிறது. இவர்களைப் போன்றோர் இன்றி ஒரு நகரில் மக்கள் குடியிருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, ஆயினும் ஊர் அவையில் இவர்களிடம் யோசனை கேட்பதில்லை என்றும் கூறுகிறது. அன்றைய நிலையை அந்நூல் உள்ளபடி எழுதியது. இருபது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவ்வரி நமக்குப் பொருந்துகிறதென்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

இங்கே ஒரு மறுப்பு எழுவதை அறிவேன். "குயவரின் மகன் குயவராகவே இருக்க வேண்டும் என்கிறீர்களா? அது சாதியைக் கட்டிக் காப்பதாகாதா?" என்று இளைஞர் ஒருவர் என்னைக் கேட்டார். நேர்மையான கேள்வி. என் விடை இது: எந்த மகனும் பிறப்பினால் எந்தத் தொழிலுக்கும் கட்டுப்பட்டவன் அல்லன், அவன் மருத்துவனாகட்டும், மாலுமியாகட்டும். ஒரு தொழிலைப் பிறப்பின் சுமையிலிருந்து விடுவிக்கும் வழி, அதை அழியவிடுவது அன்று. எல்லோரும் கற்கும் கலையாக அதை உயர்த்துவது. மருத்துவர் வீட்டுப் பெண்ணும் மீனவர் வீட்டுப் பையனும் ஒரே பலகையில் அமர்ந்து மண் பிசையும்போது, கற்பிக்கும் நாற்காலியில் குயவர் அமர வேண்டும். மற்ற ஆசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் குறைவின்றித் தர வேண்டும். பயிலரங்கு என்ற ஏற்பாட்டை நான் ஆதரிப்பதே இந்த ஒரு காரணத்துக்காகத்தான். இது நிகழாத பயிலரங்கு, பிறர் உழைப்பை வேடிக்கை பார்க்கும் பொருட்காட்சியாகவே முடியும்.

அத்தகைய பயிலரங்குக்குச் சக்கரம்கூடத் தேவையில்லை. சக்கரத்தில் கை பழக ஆண்டுகள் ஆகும். நம் நாட்டின் பல பகுதிகளில் பெண்கள் அதைத் தொடக் கூடாது என்ற வழக்கமும் இருந்தது. கையால் வனைவதோ முதல் நாளிலேயே கைகூடும். உருண்டையைக் கட்டைவிரலால் குழித்துக் கிள்ளி எடுக்கலாம். கயிறுபோல் திரித்துச் சுற்றிச் சுற்றி அடுக்கலாம். பலகையாகத் தட்டி ஒட்டலாம். இது நகரத்தார் கண்டுபிடித்த புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கத்தில் ஐயனார் கோயில்களுக்கு எடுக்கும் ஆளுயர மண்குதிரைகள் கையால் வனைந்தவையே. மணிப்பூரின் ஆண்ட்ரோ ஊரில் பெண்கள் சக்கரமின்றியே பாண்டம் செய்கிறார்கள். அதே மாநிலத்தின் லோங்பி ஊரில் கற்பொடியையும் களிமண்ணையும் கலந்து கையால் வனைந்து, சுட்ட சூட்டோடு இலைகளால் தேய்த்துக் கறுப்பு மெருகு ஏற்றுகிறார்கள். இவற்றுக்கு மின்சாரமும் வேண்டாம், இறக்குமதிச் சாயமும் வேண்டாம்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். பாரிஸ் சாந்தால் செய்த சிலைகளை நீர்நிலைகளில் கரைப்பதால் நீர் கெடுகிறது என்று, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்திய நெறிமுறைகளில் அத்தகைய சிலைகளுக்குத் தடை விதித்தது. விநாயகர் சதுர்த்தி வரும்போதெல்லாம் அதைச் சுட்டிக்காட்டிப் பேசும் நம்மவர் சிலரை நான் அறிவேன். அண்டை வீட்டாரை நோக்கி விரல் நீட்டும் முன் நம் குடிலைப் பார்ப்போம். அங்கே நிற்கும் சூசையப்பரும் இடையர்களும் எதனால் ஆனவர்கள்? பெரும்பாலும் அதே பாரிஸ் சாந்தால். குகை தெர்மாகோலால் ஆனது. நாம் அவற்றைக் குளத்தில் கரைப்பதில்லை என்பது உண்மைதான். மூக்குடைந்ததும் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். திருவிழா நாளில் கோயில் வளாகம் நிறையச் சிதறிக் கிடக்கும் குவளைகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைக்குத் தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது என்பதை நம் பங்குப் பேரவைகள் அறியாதவையா? நானும் என் பங்கில் பல ஆண்டுகள் அதைக் கண்டும் காணாமல் இருந்தவன்தான். பிறரைக் கடிந்துகொள்ளும் தகுதியோடு இதை நான் எழுதவில்லை.

சென்ற திருவருகைக் காலத்தில் எங்கள் பங்கில் சிறு முயற்சி செய்தோம். பயிலரங்கில் கண்ட அதே பெரியவரையும் அவருடைய மனைவியையும் மூன்று சனிக்கிழமைகளுக்கு ஆசிரியர்களாக அழைத்தோம். மண் எங்கள் கண்மாய் மண். அன்பியத்துக்கு ஒரு சுரூபம் என்று பிரித்துக்கொண்டு, கையால் வனைந்து, சுடாமல் நிழலில் உலர்த்தினோம். மழைநாள் ஆதலால் உலர்வதற்குள் எல்லோருக்கும் பொறுமை போயிற்று. ஆடு ஒன்றுக்குக் கால் முறிந்தது. சூசையப்பர் சற்றே ஒரு பக்கம் சாய்ந்து நின்றார். "கடையில வாங்கினா இதைவிட அழகா இருக்குமே, ஃபாதர்" என்று ஒருவர் மனம் நொந்து சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூசையப்பரை வனைந்தவர், முப்பது ஆண்டுகளாகக் கோயிலைப் பெருக்கி வரும் ஒரு தாய். தன் கைப்பட்ட ஒன்றை மக்கள் முழந்தாளிட்டு வணங்குவதை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கண்டார்.

திருக்காட்சிப் பெருவிழா முடிந்ததும் சிக்கல் வந்தது. சுரூபங்களைத் தண்ணீரில் ஊற வைத்து மண்ணைக் காப்பாற்றலாம் என்றபோது, "அர்ச்சித்த சுரூபத்தைக் கரைக்கிறது பாவம் இல்லையா?" என்று பலர் தயங்கினார்கள். பழுதான அருட்பொருள்களை எரிப்பதும் புதைப்பதும் திரு அவையின் நெடுநாள் வழக்கம். குருத்தோலை எரிந்துதான் திருநீற்றுப் புதனில் நம் நெற்றிக்கு வருகிறது என்று விளக்கினேன். குப்பைமேட்டில் தலையின்றிக் கிடக்கும் சுரூபத்தைவிடவா இது அவமதிப்பு? இறுதியில் அந்தத் தாயே முன்வந்து தம் சூசையப்பரைத் தொட்டியில் இறக்கினார். அம்மண் இப்போது ஈரச்சாக்கு போர்த்தி எங்கள் பங்கு இல்லத்தின் பின்புறத்தில் இருக்கிறது. இவ்வாண்டும் அதுவே குடிலாகும்.

எனவே, மண்பாண்டப் பயிலரங்கு நடத்த விரும்பும் பங்குகளையும் பள்ளிகளையும் நான் கேட்பவை சிலவே. மண் எந்தக் கண்மாயிலிருந்து, யார் அனுமதியோடு வந்தது? கற்பிப்பவர் யார், அவருக்கு என்ன ஊதியம்? செய்தவற்றுள் எவற்றைச் சுடப்போகிறோம், எதற்காக? மிஞ்சிய மண் எங்கே போகும்? அன்றைய தேநீரை எதில் குடிப்போம்? இவற்றுக்கு விடை சொல்ல முடியாவிட்டால், பதாகையிலிருந்து இயற்கை என்ற சொல்லையாவது எடுத்துவிடுவோம்.

இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பானை காயாது, சூளை எரியாது. குயவர் வீட்டில் வருவாய் நின்றுபோகும் மாதங்கள் அவை. நமக்கோ கிறிஸ்துமஸும் பொங்கலும் அதை ஒட்டியே வருகின்றன. டிசம்பரில் போய்ப் பேரம் பேசுவதை விட்டு, ஆடி மாதத்திலேயே குடிலுக்கான மண்ணையும், திருவிழா அசனத்துக்கு ஆண்டுதோறும் கழுவிப் பயன்படுத்தத்தக்க குவளைகளையும், வீட்டுக்கொரு பொங்கல் பானையையும் முன்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள். எங்கள் பெரியவரிடம் இவ்வாண்டுக்கான முன்பணத்தை ஆடி முதல் ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின் எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தோம். அதன்பின் பங்குப் பேரவைக் கூட்டத்தில், குடில் அமைப்பது பற்றிய பேச்சு முடியும்வரை, அவரும் எங்களோடு அமர்ந்திருந்தார்.